இரண்டு முறை ஹாரன்

நீங்கள் கொடுத்த காப்பியில் குறை ஒன்றும் இல்லை, மேடம். கொஞ்சம் ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். காகிதக் கோப்பையை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டால் சூடு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். குளிரில் கையுறையைக் கழற்றியவன் கைக்கு அது பெரிய விஷயம். இதையெல்லாம் யாரும் கவனிப்பதில்லை. நான் கவனிப்பேன்.

முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். என் பெயர் ரஸ்ஸல் ப்ரூ. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டி 618 சங்கத்தின் கேன்டீன் வண்டி என் பொறுப்பு. 618 என்பது மீன் சந்தை மூலையில் முன்பு நின்ற அலாரம் பெட்டியின் எண், கைப்பிடியை இழுத்தால் தீயணைப்பு நிலையத்தில் மணி அடிக்கும். எங்கள் ஊரில் பாதி எரிந்துபோன அன்று யாரோ ஓடிவந்து இழுத்தது அந்தப் பெட்டியைத்தான். அதையே சங்கத்துக்குப் பெயராக வைத்தார்கள்.

நாங்கள் தீயணைப்பு வீரர்கள் அல்ல. பேஸ்பால் அணிக்கு ரசிகர்கள் இருக்கிறார்களே, அந்த மாதிரி தீயணைப்புத் துறைக்கு நாங்கள். வண்டிகளைப் படம் எடுப்போம், பழைய ஹெல்மெட்டும் பித்தளைக் குழாய்முனையும் சேர்ப்போம். இடுப்பில் எப்போதும் ரேடியோ இருக்கும். அலாரம் அடித்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவோம். ஆனால் என்னைச் சும்மா வேடிக்கை பார்க்கிறவர்களோடு சேர்க்காதீர்கள். நான் காப்பி கொண்டுபோகிறவன். சூப், சாண்ட்விச், குளிர்காலத்தில் காய்ந்த காலுறைகூட. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் ஹாரனை இரண்டு முறை அடிப்பது எங்கள் சங்கத்தின் வழக்கம். கேன்டீன் வந்துவிட்டது என்று அர்த்தம். புகையிலிருந்து வெளியே வருகிறவர்கள் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பி நடப்பார்கள்.

"ரஸ்ஸு, நீ மட்டும் வரலேன்னா இன்னிக்கு விறைச்சுப் போயிருப்போம்யா" என்பார்கள். முகம் முழுக்கக் கரி, மூக்கில் ஒழுகும். என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். வாங்கும்போது என் விரலில் அவர்கள் விரல் படும். அதற்கு முன்னால் என்னை யார் தொட்டார்கள் என்று யோசித்தால் முடிதிருத்துகிறவர் ஞாபகம்தான் வரும்.

துணி துவைக்கும் கடைக்கு மேலே என் வீடு. தனியாள். சாயங்காலம் வந்து கதவைச் சாத்தினால் பேசுகிற ஒரே குரல் ரேடியோவில் வரும் அந்தப் பெண்ணுடையது, வண்டிகளை அனுப்புகிறவள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவள் "எல்லா வண்டிகளும் நிலையத்துக்குத் திரும்பலாம்" என்று சொன்னால் நான் "சரிம்மா" என்பேன். பைத்தியம் என்று நினைக்காதீர்கள். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையாகப் படவில்லை.

பிறகு தீ குறைந்துபோயிற்று. பழைய ஆலைகளை வீடுகளாக மாற்றினார்கள், ஒவ்வொரு அறையிலும் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கிற கருவி வைத்தார்கள். நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. ஆனால் போன குளிர்காலம் முழுக்க வண்டி வெளியே போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று யார் வீட்டு அடுப்பிலோ கருகிப்போன வான்கோழி. வசந்தத்தில் தீயணைப்புத் தலைமை அதிகாரி என்னைக் கூப்பிட்டு, வண்டி நிற்கிற கொட்டகை துறைக்கு வேண்டும் என்றார். தன்மையாகத்தான் சொன்னார்.

"பெரிசா ஒண்ணு வந்தா உங்க வண்டி இல்லாம என்ன பண்ணுவோம்னு எனக்கும் கவலைதான், ப்ரூ. ஆனா வரலையே."

வரலையே. அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் சங்கத் தலைவர் நார்ம் ஃபெராரா உடனே ஒத்துக்கொண்டுவிட்டார். இந்த வருடம் தீயணைப்பு ரசிகர் சங்கங்களின் மாநாட்டை நடத்துவது எங்கள் முறை. அதோடு மூட்டை கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு.

"மாநாடு முடியட்டும், வண்டியை வித்துடலாம்டா. எனக்கும் முட்டி போச்சு" என்றார்.

"வித்துட்டு?"

"வித்துட்டு என்ன, வீட்ல காலை நீட்டி உக்காரு. உனக்கென்ன, பெண்டாட்டியா பிள்ளையா? ராஜா மாதிரி இருக்கலாம்."

அவர் சிரித்தார். நல்ல மனிதர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்று படியேறி வீட்டுக்குப் போனதும் விளக்கைக்கூடப் போடாமல் முதலில் ரேடியோவைத்தான் போட்டேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. அந்த வண்டி போய்விட்டால் என்னை ஏனென்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

லீலண்டைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன்.

மாநாடு நடந்த ஓட்டலுக்கு இரண்டு தெரு தள்ளி மூடிக்கிடக்கிற திரைச்சீலை ஆலை, அதன் மூன்றாவது மாடியில் அவன் இருந்தான். வீடு வாசல் இல்லாதவன். தண்ணீர்க் குழாய் வேலை செய்தவனாம், முதுகு போய் வேலையும் போயிற்று. ஒரு தடவை தீயொன்று அணைந்தபின் சூப் மிச்சமாகிவிட்டது, கொட்ட மனம் வரவில்லை, அவனுக்குக் கொடுத்தேன். அதன்பிறகு சனிக்கிழமை சாயங்காலம் தவறாது. ஆலையின் முன்வாசலைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள், அதனால் பின்பக்கம், சரக்கு இறக்குகிற வாசலில் நிறுத்தி ஹாரனை இரண்டு முறை அடிப்பேன். கையில் எனாமல் குவளையோடு இறங்கி வருவான். பன்றிக்கறி அவனுக்கு ஆகாது. அதனால் அவன் பங்கை அது சேர்க்காமல் ஒரு பிளாஸ்க்கில் தனியாக எடுத்துவைப்பேன்.

"இன்னிக்கும் பட்டாணியா? உன் கைக்கு வேற சூப்பே வராதா?" என்பான். வாசல் மேடையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். எங்கள் சங்கம் என்றாலே அவனுக்குச் சிரிப்பு. "அணைக்கவும் தெரியாது, கொளுத்தவும் தெரியாது. வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு தலைவர், அதுக்கு ஒரு தொப்பி. போய்யா."

நான் கோபப்பட்டதில்லை. அவனோடு பேசிக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. அது உண்மை, எழுதிக்கொள்ளுங்கள்.

மாநாடு வழக்கமாகக் கோடையில் நடக்கும். ஓட்டல் மலிவாகக் கிடைக்கிறது என்று நார்ம் அக்டோபர் கடைசியில் வைத்தார். ஒகையோ, பாஸ்டன், கனடா எல்லா இடத்திலிருந்தும் வந்திருந்தார்கள். நிலையங்களைப் பேருந்தில் சுற்றிக்காட்டினோம். பழைய பம்பு வண்டியை ஓட்டிக்காட்டினோம். கூடத்தில் மேசை போட்டு ஹெல்மெட்டும் பேட்ஜும் விற்றார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் எல்லார் இடுப்பிலும் ரேடியோ, எல்லார் காதும் அதில். இரண்டு நாளாக ஒரு முனகல்கூட இல்லை.

"உங்க ஊர்ல தீக்குச்சியாவது பத்துமா?" என்று ஒகையோக்காரர் ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நார்ம் முகம் சிவந்துவிட்டது.

மாநாடு என்றால் விருந்தையும் பரிசையும் யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, மேடம். நடுவில் தீ வந்ததா என்பதைத்தான் பேசுவார்கள். "யார் வீடும் எரிய வேணாம். ஆனா எரியத்தான் போகுதுன்னா, நாம இருக்கறப்ப எரியட்டும்." இதைச் சொல்லாத ஆளை எங்கள் வட்டத்தில் நான் பார்த்ததில்லை. சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை விருந்துக்குத் தலைமை அதிகாரி வருவதாக இருந்தார். மதியம் ஆலைக்கு நடந்து போனேன். பின்வாசலில் வெளிப்பக்கம் புதுச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். பிள்ளைகள் யாராவது உள்ளே புகுந்துவிடப் போகிறார்கள் என்று. சாயங்காலம் இன்னொரு முறை போனேன். எப்படி வைத்தேன் என்பதை நேற்றே உங்களிடம் சொல்லியாயிற்று, அதைத் திரும்பச் சொல்வதில் எனக்கு ருசி இல்லை. தீயின்மேல் எனக்கு எந்தக் காலத்திலும் பெரிய ஆசை கிடையாது. திரும்பி வந்து ஓட்டல் பின்னால் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது.

நானும் கூடத்துக்குள் போய் விருந்துக்கு உட்காரும் நேரத்தில் அலாரம் அடித்தது. கூடத்திலிருந்த எல்லா ரேடியோவிலும் அந்தப் பெண்ணின் குரல் ஒரே சமயத்தில் வந்தது. என் வீட்டில் தனியாகக் கேட்கும் குரலை அன்றைக்கு அத்தனை பேரோடு சேர்ந்து கேட்டேன். நாற்காலிகள் சாய, சூட்டும் டையுமாகக் கிழவர்கள் எல்லாம் ஓடினார்கள். இரண்டு தெருதானே. நான் கேன்டீன் வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது ஏணி வண்டி முன்பக்கம் நின்றுகொண்டிருந்தது. இன்னும் வண்டிகள் வேண்டும் என்று இரண்டாவது அலாரமும் அடித்தாகிவிட்டது. தலைமை அதிகாரியும் விருந்து உடையிலேயே அங்கே நின்றார்.

நேராக ஏணி வண்டிக் கேப்டனிடம் போனேன். "மூணாவது மாடி, இடது பக்கத்துலேர்ந்து ரெண்டாவது ஜன்னல். அங்க ஒரு ஆள் இருக்கான்" என்றேன். ஏணி திரும்பியது. அந்த ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது. கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. நான் வண்டிக்கு ஓடிவந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன், கோப்பைகளை அடுக்கினேன், வழக்கப்படி ஹாரனை இரண்டு முறை அடித்தேன்.

அப்புறம் அந்த இடம் முழுக்க என்னைச் சுற்றி ஆட்கள். "ரஸ்ஸு, இங்க ஒண்ணு." "ரஸ்ஸு, சர்க்கரை." தலைமை அதிகாரியே வந்து வாங்கிக்கொண்டு, "நல்லவேளை வந்தீங்க, ப்ரூ" என்றார். வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக நான் இருந்ததில்லை. வேறு ஊர் கேன்டீன்காரர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னய்யா மந்திரம் இது? என் பாய்லர் இப்பத்தான் முனக ஆரம்பிச்சிருக்கும்" என்று என் முதுகில் தட்டினார்.

பக்கத்தில் நார்ம் நின்றிருந்தார். அவருக்கும் அந்தப் பாய்லரைத் தெரியும். ஐம்பது கப் தண்ணீர் சூடேற ஒரு மணிநேரம் பிடிக்கும். காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றவர் குடிக்கவில்லை.

"ரஸ், பாய்லரை எப்ப போட்ட?"

"கொஞ்சம் முன்னாடி."

"அலாரத்துக்கு முன்னாடியா?"

நான் அடுத்த ஆளுக்கு ஊற்றினேன். அவர் கோப்பையை அப்படியே என் பலகையில் வைத்துவிட்டுப் போனார். உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னது அவர்தான் என்று தெரியும். எனக்கு வருத்தம் இல்லை. ஆறிய காப்பி கொடுத்திருந்தால் தப்பித்திருப்பேன் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். அப்படிக் கொடுக்க எனக்கு வராது.

சங்கிலியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அந்தத் தெருவில் பிள்ளைகளே கிடையாது என்கிறீர்கள். சரி. யோசித்துச் சொல்கிறேன். ஒரு ஆள் பின்பக்கமாகத் தானே நடந்து வெளியே போய்விட்டால் அது காப்பாற்றியது ஆகாது. யாரும் பார்க்கமாட்டார்கள். முன்பக்கம் ஜன்னல் வழியாக, ஏணியில், அத்தனை ஊர்க்காரர்கள் கண்ணெதிரே இறக்கினால் பத்து வருடம் பேசுவார்கள். அப்புறம் எந்தத் தலைமை அதிகாரி வண்டியை எடுக்கத் துணிவார்? லீலண்டுக்கு ஒரு ஆபத்தும் வந்திருக்கக் கூடாது. அவன் சனிக்கிழமை சூப் வரும்வரை தூங்குவான் என்று எனக்குத் தெரியும். எந்த ஜன்னல் என்று தெரியும். எல்லாம் பார்த்துத்தான் செய்தேன்.

முன்கூட்டியே அவனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் அப்புறம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பானா?

ஏணியில் ஏறியவர் என்ன சொன்னார் என்று படித்துக் காட்டினீர்கள். இன்னும் கொஞ்சம் ஏறினால் கை எட்டும், அந்த ஆள் கையை நீட்டியும் விட்டான், அப்போது கீழே ஹாரன் சத்தம் கேட்டது, அவன் திரும்பி உள்ளே போய்விட்டான் என்று. புகையில் பயந்திருந்தவன். அந்தச் சத்தம் கேட்டால் பின்வாசலுக்கு இறங்கி வருவது அவன் பழக்கம். நான் மறுக்கவில்லை. ஆனால் மேடம், எரிகிற கட்டடத்தில் எவனாவது பழக்கத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பானா? அறிவில்லையா? சங்கிலிக்கு உட்பக்கம், கதவை ஒட்டிக் கிடந்தான் என்றார்கள். எனாமல் குவளை கூடக் கிடந்ததாம். அதைக் கொஞ்சம் எனக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தேன், நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

என்மேல் எத்தனை குற்றம் வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தீ வைத்தது நான். பூட்டியது நான். ஆனால் அவனை நான் மறந்துவிட்டதாக மட்டும் எழுதாதீர்கள். வண்டியில் அந்தப் பிளாஸ்க்கை நீங்களே எடுத்தீர்கள், பன்றிக்கறி போடாத சூப். ஏணியிலிருந்து இறங்கியதும் முதலில் என் கையால் அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்றுதான் வைத்திருந்தேன். அவன் ஜன்னலிலேயே நின்றிருக்கலாம். எல்லாம் முடிந்து மூடியைத் திறந்து பார்த்தேன், சூப் அப்போதும் சூடாகத்தான் இருந்தது.