உம்மட ரத்தம் வெண்டுட்டுது

சண்டைக் காலம். கட்டுகஸ்தோட்டையில் ஏறிய கண்டி பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சுக்காரி மலையகத்துச் சிநேகிதியிடம் சொன்னாள்:

“உம்மட ரத்தம் வெண்டுட்டுது.”

“ஜெயிச்சிருச்சா? என்னக்கா சொல்றீங்க?”

“ஆய்வுகூடத்தில அதுக்குக் காசநோய்க் கிருமியைக் காட்டினா, கிருமியோட சண்டை பிடிக்க உதவுற ரத்த அணுவில, உதவிக் கலம் எண்டுறது, ஒரு வகை பெருகுது. பூஞ்சணத்தைக் காட்டினா வேற வகை. எந்தக் கிருமிக்கு யார் போகோணும் எண்டு அதுக்கே தெரியுது.”

“போன தடவை எல்லாம் செத்துப்போச்சுன்னீங்களே.”

“அது வேற ஆளின்ர ரத்தம். பெட்டியில கொண்டு போனன். பாலத்தடியில ஆமிக்காரர் திறந்து வெயிலில வைச்சிட்டினம். அதாலதான் உம்மையே ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் எடுத்தன். இண்டைக்கு எடுக்கிறதும் அப்பிடியே வந்துட்டா, ஒருத்தரும் மறுக்கேலாது.”

பாலத்தடியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். சிப்பாய் அவர்களுடைய பைகளைக் கிளறினான், சோற்றுப் பார்சலை அவிழ்த்துப் பார்த்தான், போகச் சொன்னான்.

மறுபடி ஏறி உட்கார்ந்ததும் மலையகத்துக்காரி சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி, நரம்பு தெரிய நீட்டினாள்.

“பாத்தீங்களா அக்கா, இந்தப் பெட்டியத் திறக்க அவங்களுக்குத் தோணவே இல்ல.”