கடாரம் ஜெயித்த ஞாயிறு

விளையாட்டு என்று வந்தால் என்னால் யாருக்கும் ஆபத்தில்லை, சார். கேரம் ஆடினால் காய்க்கு முன்னால் ஸ்ட்ரைக்கரைக் குழியில் போடுகிறவன் நான். பெயர் அர்ஜுனன். தேயிலை ஃபேக்டரியில் கணக்கெழுதும் கிராணி வேலை என்பதால், நல்லவேளையாக யாரும் என்னிடம் வில்லைக் கொடுக்கவில்லை.

நாகப்பனும் நானும் எஸ்டேட் லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. பிறகு அவன் ரிங்லெட்டில் நிலம் எடுத்துப் பூ பயிரிட்டான். ஞாயிறு மதியம் அவன் மனைவி விக்னேஸ்வரி பூக்களோடு பிரிஞ்சாங் சந்தைக்குப் போய்விடுவாள். நாங்கள் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போர் நடத்துவோம்.

பொம்மைச் சிப்பாய்களை அவன் இணையத்தில் வாங்கினான். நகத்தளவு உயரம், வேல், குதிரை, யானை எல்லாம் உண்டு. விக்னேஸ்வரியின் நகப்பூச்சில் வர்ணம் அடித்தான். அவன் எப்போதும் சோழன், நான் எப்போதும் கடாரம். விதிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். ஒரு படை ஒரு சாண் நகரலாம். ராஜாவைச் சுற்றி வளைத்துவிட்டால், அந்த ராஜாவுக்குரியவன் பகடை போடவேண்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் ராஜா செத்தார். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் யாருக்கும் வெற்றியில்லை. இந்தக் கடைசி விதியும் நாகப்பன் வைத்ததுதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் ஒருமுறையும் ஜெயித்ததில்லை. என் யானைகள் என் ஆட்களையே மிதிக்கும். நாகப்பன் சிரிக்க மாட்டான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று முதுகில் தட்டுவான். சிரித்திருந்தால் தேவலை.

அந்த ஞாயிறு எனக்கே புரியாமல் என் குதிரைகள் சரியான இடத்தில் நின்றன. அவன் ராஜா தனியாக மாட்டிக்கொண்டார். பகடையை எடுக்கப் போன நாகப்பன் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனான்.

"அர்ஜுன், நெஞ்சுல என்னமோ பண்ணுதுலா."

"காத்துடா. சுடுதண்ணி குடி."

குடித்தான். அந்த மலைக்குளிரிலும் வியர்வையில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது.

"கிளினிக் போலாம்டா. உன் கெரெத்தா வெளியதானே நிக்குது."

"போலாம். இத மட்டும் போட்டுரு."

காற்று என்று நினைத்தேன் என்று நீங்கள் முதல்முறை கேட்டபோது சொன்னேன் அல்லவா, அது முழுப் பொய்யில்லை. அவன் உதடு நீலமாகும்வரை அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு நினைத்தது வேறு. இப்போது எழுந்தால் இந்த ஆட்டம் கணக்கில் வராது. இவன் குணமாகி வந்தால் மறுபடி முதலிலிருந்து அடுக்குவான், நான் மறுபடி தோற்பேன் என்று நினைத்தேன். வாசலில் நின்ற என் காரின் சாவி சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்தது. மேட்டை இறங்கினால் கிளினிக் வந்துவிடும்.

அவன் நாற்காலியில் சரிந்தான். கை மேசைமேல் நகர்ந்தது. பகடை அவன் இடப்பக்கம் இருந்தது, போன் வலப்பக்கம். கை வலப்பக்கம்தான் போனது. நான் போனைத் தள்ளி வைத்துவிட்டு, அவன் உள்ளங்கையில் பகடையை வைத்தேன்.

"போடுடா, நாகு. ஒரு தடவதானே."

அவன் என்னைப் பார்த்தான். கோபமில்லை. இவன் இன்னும் விளையாடுகிறானா என்று பார்ப்பதுபோல் இருந்தது. விரல்கள் தளர்ந்தன. பகடை உருண்டு, யானைமேல் இடித்து நின்றது. ஒன்று.

நான் சத்தம் போடவில்லை. என் போனில் மேசையை ஒரு படம் மட்டும் எடுத்தேன். ஜெயித்துப் பழக்கமில்லாதவன், யாருக்கு அனுப்புவது என்றுகூடத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த விளையாட்டு புரிந்த ஆள் ஒருவன்தான் என்பதால், அவன் போனுக்கே அனுப்பினேன். மேசையில் அது ஒருமுறை அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்தபோது செய்வதற்கு ஒன்றுமில்லை.

கருமாதி முடிந்த பிறகு விக்னேஸ்வரி அவன் போனோடு என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணே, இந்தப் படத்துல ஓரமா தெரியறது அவரு கைதானே?"

"ஆமாம்மா."

"அப்ப உயிரு இருந்துச்சா?"

இருந்தது என்றேன். அவள் படியிறங்கி, நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை.

எனவே மறைக்க ஒன்றுமில்லை, சார். காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றவில்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த ஒன்றைப் போட்டது அவன் கைதான் என்பதையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். நான் ஏமாற்றி ஜெயித்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.