எண்ணெயில் ஊறிய பூண்டு

காலி ஜாம் பாட்டிலை நான் தூக்கிப் போடுவதே இல்லை, சார். வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, மூடிக்கு ஒரு துண்டுத் துணி கட்டினால் போதும், யாருக்கும் பரிசாக நீட்டலாம். கையைக் கடிக்காமல் மனசுக்குப் பிடித்ததாகக் கொடுப்பதில் எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. எனக்கென்று இருந்ததே அந்தப் பெயர் ஒன்றுதான்.

என் நாத்தனார் புது வீட்டுக்குத் தனியாகக் குடிபோனாள். மற்றவர்கள் மிக்சி, மைக்ரோவேவ் என்று வாங்கிக் கொடுத்தார்கள். நான் பூண்டை உரித்து, காய்ந்த மிளகாயோடு எண்ணெயில் போட்டு ஒரு பாட்டில் கொடுத்தேன். ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்காவிட்டால் அது விஷமாகும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எழுதி ஒட்டலாம் என்று பேனாவைக்கூட எடுத்தேன். பரிசின் மேல் விஷம் என்று எழுத யாருக்கு மனசு வரும்? விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் போனபோது பாட்டில் அடுப்புக்கு மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது. மிக்சி அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது.

"எவ்ளோ அழகா இருக்கு அண்ணி, திறக்கவே மனசு வரல" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சமைக்கத்தானே குடுத்தேன், எடுத்துப் போட்டுச் சாப்பிடு" என்றுதான் சொன்னேன்.

அடுத்த வாரமே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இமையைத் தூக்க முடியவில்லை, நாக்கு குழறியது. டாக்டர் வெளியே வந்து எங்களைக் கேட்டார்.

"வீட்ல செஞ்சு பாட்டில்ல அடைச்சது ஏதாவது சாப்பிட்டாங்களா? தெரிஞ்சா அதுக்குன்னு மருந்து இருக்கு, உடனே போட்டுடலாம்."

என் கணவரும் மாமியாரும் பக்கத்திலேயே நின்றார்கள். அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். பாட்டிலில் பாதி காலி. மீதியைத் தொட்டியில் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினேன்.

"அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்."

அவர் என்னை நம்பினார். மருந்து போடவில்லை. ரெண்டு நாளில் மூச்சு நின்றுவிட்டது. நான்தான் கொன்றேன் சார், வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கலாமா? அவள் போன அன்றைக்கு மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு, "அவளுக்குப் பாத்துப் பாத்துக் குடுத்தவ நீ ஒருத்திதாம்மா" என்று அழுதார். அவரிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். வயசானவர், தாங்கமாட்டார். அவருக்காகத்தான் கேட்கிறேன்.