ஒரே முகத்துக்கு இரண்டு பேனர்

மேடையிலே தன் பெயர் ஒட்டிய நாற்காலி காலியாகக் காத்திருக்க, மேடைக்குக் கீழே சக்கர நாற்காலியில் வீற்றிருந்து இந்த மாற்றுத்திறனாளிகள் நாள் விழாவுக்குத் தலைமை தாங்குகிற எங்கள் சங்கத் தலைவி, அன்புச் சகோதரி சகாயராணி அவர்களே! ஆறு படி ஏறி அந்த மேடையை அலங்கரிக்கிற ஆளும் கட்சியின் நகரச் செயலாளர், ஆற்றல்மிகு அண்ணன் காமராஜ் அவர்களே! அதே ஆறு படி ஏறி, அவருக்கு முகம் கொடுக்காமல் மறுகோடியில் அமர்ந்திருக்கிற எதிர்க்கட்சியின் நகரச் செயலாளர், எழுச்சிமிகு அண்ணன் மணிமாறன் அவர்களே! கோலூன்றி வந்த பெரியோர்களே, கைப்பிள்ளையோடு வந்த தாய்மார்களே, கேட்கிற காதோடும் கேளாத காதோடும் வந்திருக்கிற என் தோழர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்!

தலைமை ஏன் தரையில் இருக்கிறது? நான் ஏன் ஆட்டோவுக்குள் இருந்து பேசுகிறேன்? மேடைக்குச் சாய்தளம் இல்லை, ஐயா. பந்தல்காரரைக் கேட்டேன். "மாற்றுத்திறனாளி விழான்னு சொன்னீங்க பாய், மாற்றுத்திறனாளியே மேடை ஏறுவாங்கன்னு யாரும் சொல்லலையே" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

முகமது ரஃபீக் என்றால் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. மைக் ரஃபீக் என்றால் திண்டுக்கல்லில் தெரியாத தெரு இல்லை. மூன்று வயதில் போலியோ வந்து கால் இரண்டையும் எடுத்துக்கொண்டது. தொண்டையை மறந்து விட்டுவிட்டுப் போனது. அந்தத் தொண்டையை இருபத்தாறு வருடமாக ஆட்டோவில் ஏற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கொடி மாறும், குரல் மாறாது! காலையில் காமராஜ் அண்ணனுக்கு "வருகிறார், வருகிறார்!" மாலையில் மணிமாறன் அண்ணனுக்கு "வருகிறார், வருகிறார்!" யாருப்பா அது, வந்தாங்களான்னு கேக்குறது? அது என் இலாகா இல்ல அப்பு.

சரி. உதவித்தொகையில் கை வைக்கப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு கிளம்பியதே, ஞாபகம் இருக்கிறதா? ஆளும் கட்சி என்ன சொன்னது? குறைக்கவில்லை, சீரமைக்கிறோம் என்றது. எதிர்க்கட்சி என்ன சொன்னது? நாங்கள் வந்தால் இரண்டு மடங்கு என்றது. போன முறை அவர்கள் வந்திருந்தபோது நடந்ததற்கும் சீரமைப்பு என்றுதான் பெயர். இரண்டு அண்ணன்களும் டி.வி.யில் மோதிக்கொண்டார்கள். இங்கே எங்கள் வீடுகளில் உலையில் போடுகிற அரிசியைக் குறைத்துக்கொண்டோம்.

மறு ஆய்வு முகாம் வந்தது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். இரண்டாவது மாடி. லிஃப்ட் உண்டு, லிஃப்டுக்குள் பழைய பீரோ உண்டு. மாடி ஏறி வந்தவர்களை என்னவென்று எழுதினார்கள்? "ஏறுகிறார்" என்று எழுதினார்கள். ஏற முடியாமல் வாசலில் கிடந்த என்னைப் போன்றவர்களை? "வரவில்லை" என்று எழுதினார்கள். ஏறினாலும் வெட்டு, ஏறாவிட்டாலும் வெட்டு!

இதோ, என் ஆட்டோவின் பின்சீட்டில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, இவர் சேவுகம்பட்டி ஜக்கம்மாள் அக்கா. பிறந்ததிலிருந்து கண் தெரியாது. விரலால் பார்த்துப் பூக்கட்டுகிறவர். கூப்பிட்டு வர ஆளில்லாமல், சுவரைத் தடவித் தடவி நாற்பத்தெட்டுப் படியைத் தனியாக ஏறினார். "கூட யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார்கள். "இல்ல சாமி, நானேதான் வந்தேன்" என்றார். உடனே பேனா ஓடியது: "துணையின்றி நடமாடுகிறார்." பொய் சொல்லத் தெரியாத ஒரே குற்றத்துக்கு, உதவித்தொகை வாங்குவோரில் இருந்து அக்காவின் பெயர் போனது.

பிறகு அலுவலகச் சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது. இருநூற்றுப் பதினான்கு பேர், படத்தோடு. தலைப்பு எழுதிய முதல் தாள் காற்றில் கழன்று போய்விட்டது. காமராஜ் அண்ணன் பார்த்தார். நம் ஊரில் சுவரில் படத்தோடு பட்டியல் தொங்கினால் அது என்ன பட்டியல்? பயனாளிகள் பட்டியல்! பயனாளி என்றால் என்ன வைக்க வேண்டும்? பேனர்! பேருந்து நிலையத்தின் மேற்கு வாசலில் இருபது அடிக்கு எழும்பியது. "பயன்பெற்றோர் வாழ்க, பயன் தந்தோர் வாழ்க!" அக்காவின் படம்தான் தெளிவாக இருந்ததாம், அதை நடுவில் பெரிதாகப் போட்டார்கள்.

சிரிக்காதீர்கள். அந்தப் பட்டியலை ஊர் முழுக்க வாசித்தவன் நான்! "பாய், ஒரு பேரு விடாம வாசிங்க, ஊரே கேக்கணும்" என்றார் அண்ணன். பூ மார்க்கெட்டில் வாசித்தேன். பேகம்பூரில் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் "நன்றி! நன்றி!" என்று முழங்கினேன். எழுபத்து மூன்றாவது பெயர் முகமது ரஃபீக், தகப்பனார் மீரான். அடடா, நமக்கும் என்னவோ கிடைத்திருக்கிறதே என்று எனக்கு மட்டும் மூன்று நன்றி கூடுதலாகச் சொன்னேன். வீட்டுக்குப் போய் ஷரீஃபாவிடம் "பிரியாணி போடு" என்றேன். "எதுக்குங்க?" என்றாள். "தெரியல, போடு" என்றேன். முதல் தேதி வந்தது, உதவித்தொகை வரவில்லை. அலுவலகத்துக்கு ஆட்டோவை விரட்டினேன். அந்த முதல் தாள் வாசலில் டீ கிளாஸுக்கு அடியில் இருந்தது. "தகுதி நீக்கம் செய்யப்பட்டோர்." என் சோற்றுக்கு நானே மைக் பிடித்து மண்ணள்ளிப் போட்டிருக்கிறேன், மக்களே. அன்றிலிருந்து இந்த மைக்கில் யாருக்கும் நான் நன்றி சொன்னதில்லை.

மணிமாறன் அண்ணன் சும்மா இருப்பாரா? கொதித்தார், குமுறினார், "நாமும் ஒரு பேனர் வைப்போம், கண்ணீரோடு வைப்போம்" என்றார். ஃப்ளெக்ஸ் அடிக்கிற பெலிக்ஸுக்கு ஒரு மணி நேரம்தான் அவகாசம். கிழக்கு வாசலில் பேனர் எழும்பியது. நடுவில் ஜக்கம்மாள் அக்கா. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே "கண்ணீர் அஞ்சலி"! கேட்டதற்கு பெலிக்ஸ் என்ன சொன்னார்? "அண்ணே, கண்ணீருன்னு சொன்னீங்க. எங்கிட்ட கண்ணீருக்கு இந்த ஒரு டிசைன்தாண்ணே இருக்கு."

மேற்கே அக்கா நலம், கிழக்கே அக்கா காலம்! நடுவில் தன் ஊர் பஸ்ஸுக்காக உயிரோடு நிற்கிறவர் யார்? அதுவும் அக்காதான். கொடுமை என்னவென்றால், அந்த அஞ்சலிப் படத்துக்கு ஏழடி மாலை வேண்டுமென்று பூக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். பூக்கடைக்காரர் அக்காவிடம் கொடுத்திருக்கிறார். "யாரோ பெரிய மனுசி தவறிட்டாகளாம்னு நெனச்சு, சம்பங்கிய நெருக்கி வச்சுக் கட்டுனேன் தம்பி" என்று என்னிடம் சொன்னபோது, எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று இன்னும் தெரியவில்லை.

முறையிடப் போனோம். அதிகாரி செல்போனை எடுத்து, இரண்டு பேனரின் படத்தையும் காட்டினார். "இந்தப் படத்துல நீங்க பயனடைஞ்சுட்டீங்க. இந்தப் படத்துல இறந்துட்டீங்க. எதை மறுக்குறீங்க?"

"ரெண்டையுந்தேன் சாமி" என்றார் அக்கா.

"அப்ப பேனர் வச்ச ரெண்டு பேரும், வச்சது தப்புன்னு ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டுத் தரட்டும். திங்கக்கிழமைதான் கடைசி."

நாளை மறுநாள் திங்கட்கிழமை. நாலு மாதமாக அக்கா ஒருவேளைதான் சாப்பிடுகிறார். கேட்டால், "பூ வாசத்துக்குப் பசிக்கல தம்பி" என்கிறார். எனக்குக் கோபம் வருகிறது, ஐயா! வெட்கமாகவும் இருக்கிறது! காமராஜ் அண்ணனிடம் தாளைக் கொண்டுபோனேன். "அவன் முதல்ல போடட்டும்" என்றார். மணிமாறன் அண்ணனிடம் போனேன். "அவரு முதல்ல போடட்டும்" என்றார். ஒரு வாக்கியத்தில் இரண்டு கட்சியும் ஒத்துப்போனதை வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்டேன்.

அண்ணன்களே! ஏறத் தெரிந்த உங்களுக்கு இறங்கத் தெரியாதா? நாற்பத்தெட்டுப் படி ஏறினாள் கண்ணில்லாத ஒருத்தி. ஆறு படி இறங்கக் கூடாதா கண்ணுள்ள இருவர்? தேர்தல் வருகிறது. இந்த ஊரில் உங்களை "வருகிறார்" என்று சொல்ல ஒரே குரல்தான் இருக்கிறது. இந்தத் தாளில் இரண்டு கையெழுத்தும் விழாத வரை, இந்த மைக்கில் யாரும் வரமாட்டீர்கள்! நீங்களே நடந்து வந்து நீங்களே வருவதாகச் சொல்லிக்கொள்ளுங்கள்!

ஆகா, எழுந்துவிட்டார்கள்! கைதட்டுங்கள், ஆனால் மெதுவாகத் தட்டுங்கள், பயந்து உட்கார்ந்துவிடப் போகிறார்கள். செருப்பைத் தேடாதீர்கள் அண்ணே, செத்த நேரம் வெறுங்காலோடு வாங்க. அடடே, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கினால் எப்படி? படி குறுகல்! மாட்டிக்கொண்டார்கள். கம்பத்தைப் பிடிங்க அண்ணே. தம்பிகளா, கை கொடுங்கள். "துணையின்றி இறங்க இயலவில்லை" என்று யாரும் எழுதிவிடாதீர்கள்!

வாங்க அண்ணே. இந்த ஆட்டோ சீட்டிலேயே வைத்துப் போடுங்கள். ஒரே பேனாதான், ஒரே தாள்தான். போட்டாச்சு. அவரும் போட்டாச்சு. மக்களே, சாட்சி நீங்கள்!

கொஞ்சம் அமைதி. அக்கா என்னவோ கேட்கிறார். மைக்கைக் கிட்டே கொண்டுபோகிறேன்.

"ரெண்டும் விழுந்துருச்சா தம்பி?"

விழுந்துவிட்டது அக்கா. தடவிப் பாருங்கள், மை இன்னும் காயவில்லை. அந்த மாலையை யாருக்குக் கட்டிக்கொண்டு வந்தீர்கள்? அண்ணன்கள் இருவரும் குனிந்து நிற்கிறார்கள். யார் கழுத்தில் போடப்போகிறீர்கள்?

"யாருக்குமில்ல. எம் படத்துக்குத்தேன் ரெண்டு பக்கமும் மரியாத நடந்துச்சு. ஒருக்கா எங் கழுத்துல போட்டுப் பாக்குறேன்."

போட்டுக்கொண்டார்! பார்த்தீர்களா? மாலை மூச்சோடு ஏறி இறங்குகிறது, பார்த்தீர்களா?

நாலு மாதமாக நான் சொல்லாமல் வைத்திருந்த சொல்லை, இந்தத் தெருவில், என் சொந்தக் குரலில், இன்று சொல்கிறேன். ஜக்கம்மாள் அக்கா, உங்களுக்கு நன்றி. கலையாமல் இருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டோ அந்த அலுவலக வாசலில் நிற்கும்; பீரோவை இறக்க நாலு பேர் வாருங்கள். வணக்கம், வஸ்ஸலாம்!