மேஸ்திரியை வீட்டில் விட்டு வருவது

தொழிலாளி விளக்கம் எழுதிக் கொடுத்தால் பதினைந்து நாளுக்குள் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. எழுதாதவருக்கு எந்த விதியும் உதவாது.

அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலம் தபால் ஆபீசில் ரிஜிஸ்டர் தபால் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். அவர் பீங்கான் பட்டறையில் சூளை மேஸ்திரி. பார்வையாளர்கள் முன் பெருமைக்காகச் சூளையைச் சூடு ஆறும் முன்பே திறந்து, சரக்கெல்லாம் விரிசல் விட்டதால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தார். இதெல்லாம் அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. கையில் கையெழுத்திடாத மன்னிப்புக் கடிதம்.

“மேஸ்திரிய வூட்டுலயே வுட்டுட்டு நீங்க மட்டும் வந்திருக்கலாம்” என்றாள் மனைவி.

“ஏன்டி, நான் வேற, மேஸ்திரி வேறயா?”

“வேறதான். பசிக்குதுன்னு கேக்கறது நீங்க. மொறைக்கறது அவரு.”

“தப்புன்னு எழுதிட்டா எவன் என்னை மதிப்பான்?”

“சரக்கு விரிஞ்சத ஊரே பாத்துச்சுங்க. எழுதாட்டி ஒட்டிக்குமா?”

வரிசை நகர்ந்தது. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“பேருக்குக் கீழ மேஸ்திரின்னு போடட்டுமா?”

“பேர மட்டும் போடுங்க.”

போட்டார்.

சில மாதம் கழித்து அதே வரிசையில் அந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “சாதா ஆளா வரச் சொல்லிட்டாங்க. போறாரு. சூளையப் பாத்தா கை துறுதுறுங்குதாம். யாரு கைன்னு கேட்டேன், சிரிக்கறாரு.”

மாசியில் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்தது, அவள் கணக்குப்படி, ஆடி மூன்றாம் தேதி.