சாவி வராத வண்டி

நல்ல நாற்காலி இது, சார். என் ஷெட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் டீச்சர் வரத் தொடங்கிய பிறகு வாங்கியது. அதுவரை பழைய டயர்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

கார்களுக்கு ஒயரிங் பார்ப்பது என் தொழில். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் ஒரு பாதுகாப்பு உண்டு. கியரைப் பார்க்கிங்கில் போட்டால்தான் சாவி வெளியே வரும். இல்லையென்றால் உள்ளே ஒரு சின்னப் பூட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். டீச்சர் முதல்முறை வந்தபோது, பார்க்கிங்கில் போட்டும் சாவி வரவில்லை. வேறு யாராவது என்றால் சாவித் துவாரத்தைத்தான் நோண்டியிருப்பார்கள். நான் டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தேன். ஃபியூஸ் சரி, பூட்டும் சரி. கியர் லீவருக்கு அடியில் இருந்த ஸ்விட்சில் டீ கொட்டிப் பிசுபிசுத்துக் கிடந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

துடைத்து மாட்டப் பத்து நிமிஷம் போதும். ஒரு மணி நேரம் ஆக்கினேன். டீச்சர் பேசிக்கொண்டே இருந்தார். "அண்ணே, சாப்டீங்களா?" என்று கேட்டார். என்னிடம் அதை ஒருவர் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது, சார். அன்று வீட்டுக்குப் போய், "சாப்டேம்மா" என்று சுவரிடம் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.

வண்டியைக் கொடுக்கும் முன் அந்த ஸ்விட்சின் ஒயரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டிருந்தேன். மிச்சத்தை ரோட்டுக் குழிகள் பார்த்துக்கொண்டன. மூன்றே வாரத்தில் மறுபடி வந்தார். இப்படி ஐந்து முறை. தப்பாக நினைக்காதீர்கள், அவருக்கு நான் அண்ணன்தான்.

ஐந்தாம் முறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்கு எல்லாத்துலயும் அவசரம்ணே. கேட் சாவியும் இதே வளையத்துலதான் இருக்கு. வாசல் சரிவுல நிறுத்தினதும், கியரக்கூட மாத்தாம சாவியப் பிடுங்குவாரு. இந்தப் பூட்டு மட்டும் இல்லேன்னா வண்டி அவர் மேலயே ஏறிடும்."

நானும் சிரித்தேன்.

ஆறாம் முறை டீச்சர் வரவில்லை. கணவர் வந்தார். இந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. அதன்மேல் காலை வைத்து ஷூ நாடாவைக் கட்டினார்.

"உன் ரிப்பேரே வேணாம்யா. பூட்டையே கழட்டி விடு. எந்தக் கியர்ல இருந்தாலும் சாவி வரணும். இனிமே நாங்க இங்க வர்ற வேலையே இருக்கக் கூடாது."

அந்தக் கடைசி வார்த்தை வரைக்கும் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதைச் செய்துகொடுத்தேன். அவ்வளவு சுத்தமான வேலையை அதற்கு முன் நான் செய்ததில்லை. வெண்ணெயிலிருந்து வருவதுபோல் சாவி வந்தது. பார்க்கிங்கில் போட்டுவிட்டு எடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். அவர் போனதும் நாற்காலியைத் துடைத்து வைத்தேன்.

நாலாம் நாள் மாலை. கேட்டைத் திறக்க வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார் என்கிறீர்கள். ஆமாம் சார், அப்படித்தான் நிற்பார் என்று தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. டீச்சர் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. வண்டியை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள், அது இல்லாமல் எப்படி வருவார்? சீக்கிரம் விட்டுவிடுங்கள், சார். பூட்டைத் திரும்ப மாட்டியாக வேண்டும். அதற்கு அவர் என்னிடம்தான் வருவார்.