மூன்று கேத்தல் சுடுதண்ணீர்

இந்தப் பேச்சை நான் நேரில் கேட்கவில்லை. முந்தல் ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கும் கிருஷாந்தன் சொல்லித்தான் தெரியும். பேசியவர் ஹாசிம் நானா. புத்தளம் பக்கத்தில் சின்னதாக ஓர் உப்பளம் வைத்திருப்பவர். அங்குள்ள துவக்குச் சுடும் கழகத்தின் ஒரே ரைபிளுக்குப் பொறுப்பாளர். ஒரு வெள்ளிக்கிழமை காலை, குழலில் துருவேறிக் கறள் பிடித்த அந்த ரைபிளைக் கிருஷாந்தனின் மேசையில் வைத்ததிலிருந்து அவர் வாய் மூடவில்லையாம். கிருஷாந்தன் பேசியது மொத்தம் நாலைந்து சொல்தான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"...இல்ல தம்பி, நீயே சொல்லு, நான் என்ன குறை வெச்சன்? பொறந்த புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரிக் குளிப்பாட்டினன் இந்தத் துவக்க! ஒரு தரமா? மூணு தரம்! தரத்துக்கு ஒரு கேத்தல் சுடுதண்ணி! அப்படியிருந்தும் உள்ளுக்குப் பாரு... லைட்ட அடிச்சிப் பாரு... பாத்தியா? செக்கச் செவேலென்டு! யா அல்லாஹ்... மூடு, மூடு, என்னால பாக்கேலாது.

பயப்படாத, போலீஸ் துண்டு சட்டைப்பையில இருக்கு. துவக்க இங்க கொண்டுவர எழுதித் தந்தவங்க. நான் எதையும் ஒழுங்காச் செய்றவன். அதுதான் எனக்கு வினையே.

இதெல்லாம் அந்தத் தோட்டாவால வந்தது. பழைய பட்டாளத்துச் சரக்கு, என்ட வாப்பாவ விட வயசு கூட. அனுமதியெல்லாம் எடுத்து, கழகத்தால ஒரு பெட்டி வாங்கினம். சுட்டா நல்லாத்தான் சுடும். ஆனா தோட்டாட அடியில சின்னதா ஒரு மூடி இருக்கே, ஊசி போய்த் தட்டுற எடம்... அதுக்குள்ள இருக்கிற மருந்து வெடிச்சா குழலுக்குள்ள ஒரு வகை உப்புப் படியுமாம். கண்ணுக்குத் தெரியாதாம். காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து வெச்சிக்கிட்டு இரும்பத் தின்னுமாம். எண்ணெயில கரையாது, தண்ணி ஊத்திக் கழுவணும், பொறகு காயவெச்சி எண்ணெய் போடணும். எங்களப் பழக்குற சார்ஜன்ட் மாத்தயா இத மூணு தரம் சொன்னாரு. என்டையே பாத்துச் சொன்னாரு! எப்படி இருக்கும் எனக்கு? மூணு தலமுறையா உப்பு விளைய வெக்கிற குடும்பம் நாங்க. எங்களுக்கு உப்பென்டா என்னான்டு படிச்சிக் குடுக்கிறாரு! உப்பளத்துல மண்வெட்டி ஒரு வருசம் தாங்காது தம்பி. உப்பு இரும்புக்கு என்ன செய்யும் என்டு எனக்கா தெரியாது?

சரி, அத விடு. எங்க விட்டன்? ஓம், மஸாஹிர்!

மஸாஹிர் யாரென்டு தெரியும்தானே? என்ட மச்சான். பொஞ்சாதிட கூடப்பொறந்த தம்பி. நல்லாச் சுடுவான், அத நான் இல்லையென்டு சொல்லேலாது. போன ஞாயித்துக்கிழம கடைசியாச் சுட்டவன் அவன்தான். பன்னெண்டு மணிக்குச் சுட்டு முடிச்சான். துவக்க என்ட கையில தந்தது எத்தின மணிக்கு? நாலு மணிக்கு! பெட்டில வெச்சிப் பூட்டிட்டு ஒரு கலியாண வலீமாச் சோத்துக்குப் போயிட்டான் தம்பி. அங்க அவன் புரியாணி தின்னுறான், இங்க உப்பு இரும்பத் தின்னுது! நாலு மணித்தியாலம்! அதுக்குள்ள புடிச்ச கறள்தான் இது. வேற என்ன?

நான் வாங்கின கையோட கழுவினன். கழகத்துப் பைப்புல ரெண்டு கிழமையாத் தண்ணி வாறல்ல. அதுக்காகச் சும்மா விட்டனா? பக்கத்துலதானே நம்மட உப்பளம். ஊட்டுல இருந்து கேத்தலத் தூக்கிட்டுப் போய், உப்பளத்துக் கொட்டில்ல அடுப்பு மூட்டி, கொதிக்கக் கொதிக்க ஊத்தி, துணி விட்டு இழுத்து, எண்ணெய் போட்டு... திங்கக்கிழம பாக்கன், லேசாச் சிவப்பு. விடுவனா? இன்னொரு கேத்தல். செவ்வாக்கிழம பாக்கன், இன்னும் சிவப்பு! இன்னொரு கேத்தல்! நான் கழுவக் கழுவ அது கூடுது தம்பி! அவ்வளவு ஆழத்துக்குப் பாழாக்கி வெச்சிருக்கான் மஸாஹிர்!

புதன்கிழம கமிட்டியக் கூட்டினன். எல்லாருக்கும் முன்னுக்கு, 'இவன்ட கவனமில்லாத வேல'ன்டு சொன்னன். பொய்யா சொன்னன்? அவன் தலையக் குனிஞ்சிட்டு இருந்தான். தலைவர் ஹுனைஸ் ஹாஜியார் ஒரே சொல்லு: இந்த ஞாயித்துக்கிழமப் போட்டில மஸாஹிர் இல்ல. கண்டியில இருந்தெல்லாம் ஆக்கள் வாற போட்டி. ஒரு வருசமாப் பழகினவன்...

என்ன? அவன்ட எடத்துக்கு யாரா?

...நான்தான். நானா கேட்டன்? லிஸ்ட்டுல அடுத்த பேரு என்னுது. அதுக்கு நான் என்ன செய்ய? அப்படிப் பாக்காத தம்பி.

ஊட்டுல பொஞ்சாதி றிஸ்மினாவும் இப்படித்தான் பாக்கா. தம்பிக்காரனக் குறை சொல்லிட்டனாம். மூணு நாளா எனக்குத் தேத்தண்ணி இல்ல. கேட்டா, 'கேத்தல் கெட்டுப்போச்சி'ங்கிறா. அடியில வெள்ளையாப் படை படிஞ்சிருக்காம், சுரண்டினாலும் போகுதில்லையாம். என்னத்தக் காச்சினீங்க என்டு கேக்கா. தண்ணியக் காச்சாம வேற என்னத்தக் காச்சுவன்? இவ மனசுல உள்ளதக் கேத்தல்ல போட்டுச் சொல்றா.

என்னது? எந்தத் தண்ணியா? தண்ணி தண்ணிதானே தம்பி! இந்தா, நீயும் கழுவுவாய் என்டு போத்தல்ல கொண்டாந்திருக்கன். கண்ணாடி மாதிரி இருக்கு பாரு, ஒரு தூசி இருக்கா? கொட்டிலுக்குப் பின்னால கிணறு, வாப்பா வெட்டினது. சே, குடிக்கிறல்ல. குடிக்கிறதுக்கு ஃபில்டர் தண்ணி வருதே கேன்ல. குடிக்கிற தண்ணியத் துவக்குக்கு ஊத்துறதா? அது வீண்விரயம், பாவமில்லையா?

என்ன செய்றாய்? அந்தத் தகடு சூடு தம்பி, இப்பதானே வெல்டிங் பண்ணினாய்... ஏன் அதுல ஊத்துறாய்? ரெண்டு சொட்டு ஊத்தி என்ன பாக்கப் போறாய்? ஸ்ஸ்ஸென்டுது. ஆவி போகுது. சரி, காஞ்சிட்டுது. அதுக்கென்ன?

...

தள்ளு. கொஞ்சம் தள்ளு தம்பி. கண்ணாடியப் போட்டுக்கிறன்.

வெள்ள.

வட்டமா... வெள்ள.

நக்கிப் பாக்கத் தேவல்ல. இதப் பாத்துத்தானே அறுவது வருசமா வளந்தன். தண்ணியப் பாய்ச்சி, வெயில்ல காயவிட்டு, மிச்சத்த வார்ற தொழில்... பாய்ச்சு, காயவிடு. பாய்ச்சு, காயவிடு. மூணு தரம்... அல்லாவே! குழலுக்குள்ள நான் பாத்தி கட்டியிருக்கன் தம்பி! உப்பு விளைய வெச்சிருக்கன்! அதுக்கு மேல எண்ணெயும் பூசி மூடியிருக்கன்!

சிரி. சிரிச்சிக்க. வாயப் பொத்தாம நல்லாவே சிரி. மஸாஹிர் சிரிக்கமாட்டான். அதுதான் எனக்கு... அண்டைக்கு அவன் தலையக் குனிஞ்சது, தன்ட பிழையென்டு அவனும் நம்பினதால தம்பி. நான் சொன்னதால நம்பிட்டான். ஹாசிம் மச்சானுக்கு உப்பப் பத்தித் தெரியாததா என்டு நம்பிட்டான்.

யாருட்டயும் சொல்லாத... இல்ல, சொல்லு. இல்லல்ல, நில்லு. நானே சொல்றன். ஜும்ஆவுக்கு நேரமாகுது, அவன் முன்வரிசையிலதான் நிப்பான். தொழுகை முடிஞ்ச கையோட புடிக்கிறன். ஹாஜியாரும் அங்கதான் இருப்பாரு. எல்லாருக்கும் முன்னுக்குச் சொன்னத எல்லாருக்கும் முன்னுக்குத்தானே எடுக்கணும். ஞாயித்துக்கிழம நான் சுடப்போறல்ல. முன்னாலயே எனக்கு ஆசையுமில்ல... சரி, கொஞ்சம் இருந்திச்சி.

நீ துவக்கப் பாரு. ஃபில்டர் தண்ணில கழுவு. முழுக் கேனையும் ஊத்து, பரவாயில்ல. ஆ... ஒரு கேத்தலும் வாங்கணும். முந்தல்ல எங்க நல்ல கேத்தல் இருக்கும் தம்பி?"

கிருஷாந்தன் அன்று மாலை வரை குழலைக் கழுவித் துடைத்தான். கறள் போயிற்று, அது தின்ற சின்னச் சின்னக் குழிகள் போகவில்லை. மஸாஹிர் அந்த ஞாயிற்றுக்கிழமை அதே ரைபிளால் சுட்டு ஆறாவதாக வந்தார் என்று அவன் சொன்னான்.

கேட்டதை மட்டும் நம்பி எழுதப் பயமாக இருந்ததால், பிறகு நான் கழகத்துக்குப் போய்க் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஹாசிம் நானாவின் கையெழுத்தில் இரண்டே வரி: "குழல் பழுதானதற்குக் காரணம் கழுவிய தண்ணீர். மச்சான் மேல் ஒரு பிழையும் இல்லை." எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை.